ஆட்டம் நடக்க வேண்டும்: இங்கிலாந்தின் கவுண்டிஸ் ரக்பியும் நம் தருமபுரி, கிருஷ்ணகிரியும்

இங்கிலாந்தில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் நடக்கிற ரக்பி ஆட்டங்களில் டிவிக்கு வருவது ஒரு சிலதான். மற்றதெல்லாம் ஊர் ஓரத்து மைதானங்களில், கயிற்றுக்கு வெளியே குடையோடு நிற்கும் உள்ளூர்க்காரர்கள் முன்னால் நடப்பவை. உச்சியில் 2025 வரை பிரீமியர்ஷிப் எனப்பட்ட பிரெம். அங்கிருந்து நேஷனல், ரீஜனல் என்று தட்டுத் தட்டாக இறங்கினால் ஏழாவது தட்டில் கவுண்டிஸ் 1 வருகிறது. அதற்குக் கீழே கவுண்டிஸ் 2, 3, 4. சில பகுதிகளில் 5ம் உண்டு. கவுண்டிஸ் 1 கென்ட், கவுண்டிஸ் 1 யார்க்‌ஷயர், கவுண்டிஸ் 1 ஹாம்ப்‌ஷயர் என்று மாவட்டப் பெயரோடுதான் அந்த லீக்குகளைச் சொல்வார்கள். இப்போதைய அமைப்பு 2022ல் வந்தது. லீக் என்ற ஏற்பாடே அங்கு 1987ல்தான் தொடங்கியது. அதற்கு முன்பு பெரும்பாலும் கிளப் செயலாளர்கள் ஒருவரோடொருவர் பேசி வைத்துக்கொண்ட நட்பு ஆட்டங்கள்தான்.

இந்தக் கீழ்த்தட்டில் ஆடுகிறவர்கள் சம்பளம் வாங்குவதில்லை. வருடச் சந்தா கட்டி, ஆட்டத்துக்கு ஆட்டம் தனியாகக் காசு போட்டு ஆடுகிறார்கள். திங்கட்கிழமை காலை அவரவர் வேலைக்குப் போக வேண்டும். ஆகவே அங்குள்ள விதிகளைக் கூர்ந்து படித்தால் எல்லாமே ஒரே கேள்விக்கான பதிலாகத் தெரியும்: இந்த வாரம் ஆட்டம் நடக்குமா, நடக்காதா? யார் ஜெயிப்பது என்பது அதற்கு அடுத்த கேள்விதான்.

2025ல் இந்தியாவின் ரக்பி பிரீமியர் லீக்கில் சென்னை புல்ஸ் கோப்பையைத் தூக்கிய பிறகு நம் பக்கத்திலும் கல்லூரிப் பசங்கள் ரக்பி பற்றிக் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். அது ஏழு பேர் ஆட்டம். ஒரே இடத்தில் எல்லா அணியும் கூடி முடித்துவிடலாம். 15 பேர் ஆடும் ரக்பி யூனியனை ஊருக்கு ஊர் லீக்காக நடத்துவது வேறு வேலை. தருமபுரியும் கிருஷ்ணகிரியும் சேர்ந்து அப்படி ஒன்றைத் தொடங்க நினைத்தால், பார்த்துப் படிக்க வேண்டியது இங்கிலாந்து தேசிய அணி ஆடும் ட்விக்கன்ஹாம் மைதானத்தை அல்ல, கவுண்டிஸ் 3, கவுண்டிஸ் 4 எப்படி ஓடுகின்றன என்பதை.

முதல் விஷயம் தூரம். இங்கிலாந்தில் கீழே இறங்க இறங்க லீக்கின் பரப்பு சுருங்கும். சீசன் முடிந்து யார் மேலே போகிறார்கள், யார் இறங்குகிறார்கள் என்று தெரிந்ததும், எல்லை ஓரத்தில் இருக்கும் கிளப்புகளைப் பக்கத்து லீக்குக்கு மாற்றி, எல்லோருக்கும் பயணம் குறையும்படி பிரிவுகளை மறுபடி வரைவார்கள். கிளப்புகள் மறுத்து முறையிடுவதும் உண்டு. ஆனால் பயணம் நீண்டால் அணி ஆள் குறைந்து வரும், ஆள் குறைந்தால் ஆட்டம் ரத்தாகும் என்பதை அனுபவத்தில் கண்டவர்கள் அவர்கள்.

நம்மிடம் ஆறு ஊர் அணிகள் என்று வைத்துக்கொள்வோம்: தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர், பாலக்கோடு, அரூர், ஊத்தங்கரை. ஒவ்வொரு அணியும் மற்ற ஐந்தோடு சொந்த ஊரில் ஒன்று, வெளியூரில் ஒன்று ஆடினால் ஆளுக்கு 10 ஆட்டம், மொத்தம் 30. இதில் ஓசூரும் அரூரும் மோதுவதுதான் சிக்கல். ஒரு வழிக்கே நூறு கிலோமீட்டருக்கு மேல். அந்த ஜோடியின் ஆட்டங்களை நடுவில் கிருஷ்ணகிரியில் வைத்துவிடலாம். ஓசூர்க்காரர்களுக்கு ஊத்தங்கரைப் பயணமும் நீளம்தான். இரண்டு நெடும்பயணம் அடுத்தடுத்த வாரத்தில் விழாமல் பட்டியல் போட வேண்டும். பட்டியல் போடும் முறை சுலபம். அணிகளுக்கு 1 முதல் 6 வரை எண் கொடுங்கள். முதல் வாரம் 1-6, 2-5, 3-4. பிறகு 1ஐ அப்படியே நிறுத்தி மற்ற ஐந்தையும் ஓரிடம் நகர்த்தினால் இரண்டாம் வாரம் 1-5, 6-4, 2-3. இப்படி ஐந்து வாரத்தில் ஒரு சுற்று முடியும். அடுத்த ஐந்தில் அதையே ஊர் மாற்றி ஆட வேண்டியதுதான். நீளப் பயணம் தொடர்ந்து விழுந்தால் எண்களை மாற்றிக் கொடுத்துப் பாருங்கள், சரியாகிவிடும்.

அவர்கள் சீசன் செப்டம்பரிலிருந்து ஏப்ரல் வரை. 12 அணி லீக்கென்றால் 22 ஆட்டம். நடுக்குளிர்காலத்தில் நாலு மணிக்கே இருட்டிவிடும் என்பதால் மூன்று மணிக்குத் தொடங்க வேண்டிய ஆட்டத்தை முன்னே இழுத்து வைப்பார்கள். நமக்கு ஐப்பசி, கார்த்திகை மழை ஒரு பக்கம், மார்ச்சில் பொதுத்தேர்வு மறு பக்கம். டிசம்பர் முதல் வாரத்தில் தொடங்கி, பொங்கல் வாரத்தை விட்டுவிட்டு, பிப்ரவரி கடைசிக்குள் முடிப்பதுதான் சரி. பொங்கலை ஒட்டிக் கிருஷ்ணகிரிப் பக்கம் எருது விடும் விழாக்கள் வரிசையாக வரும். அந்த நாளில் எந்த ஊரிலும் 15 பேரைச் சேர்க்க முடியாது. ஓசூர் தொழிற்பேட்டையில் சனிக்கிழமையும் ஷிப்ட் இருக்கும் என்பதால் ஞாயிறுதான் நம் ஆட்ட நாள். சாயங்காலம் 3.45க்குத் தொடங்கினால் இரு பாதி 40 நிமிடம், இடைவேளை, காயத்துக்கு நிற்கும் நேரம் எல்லாம் போக 5.30க்குள் முடியும். மைதான விளக்கை நம்பி எந்த ஆட்டத்தையும் போடாதீர்கள்.

புள்ளி முறையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். வென்றால் 4, சமம் என்றால் 2, தோற்றால் 0. அதற்கு மேல் இரண்டு போனஸ். எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பதுதான் ட்ரை; நாலு ட்ரை அல்லது அதற்கு மேல் வைத்தால் 1. ஏழு அல்லது அதற்குக் குறைந்த வித்தியாசத்தில் தோற்றால் 1. ஆட்டத்தின் ஸ்கோரில் ட்ரைக்கு 5 பாயிண்ட், ட்ரை வைத்த பின் கம்பங்களுக்கு நடுவில் உதைக்கும் கன்வர்ஷனுக்கு 2, எதிரணியின் தவறுக்காகக் கிடைக்கும் பெனால்டி உதைக்கும், ஆட்டத்தின் நடுவே பந்தைத் தரையில் விட்டு உதைக்கும் டிராப் கோலுக்கும் 3. இப்போது தருமபுரி நாலு ட்ரையும் மூன்று கன்வர்ஷனும் எடுத்து 26, பாலக்கோடு நாலு ட்ரையும் இரண்டு கன்வர்ஷனும் எடுத்து 24 என்றால், தருமபுரிக்கு 5 புள்ளி. தோற்ற பாலக்கோட்டுக்கும் 2. பத்துப் பாயிண்ட் பின்தங்கிய அணியின் கேப்டன் 79வது நிமிடத்தில் கிடைத்த பெனால்டியைக் கம்பத்துக்கு உதைக்கச் சொல்வது பார்க்கிறவர்களுக்குப் புரியாது. அந்த 3 பாயிண்டில் வித்தியாசம் ஏழாகிறது, வெறுங்கையோடு போக வேண்டியவர்கள் ஒரு புள்ளியோடு போகிறார்கள். தோற்றுக்கொண்டிருக்கும் அணி கடைசி நிமிடம் வரை ஆட இதுதான் காரணம். கீழ்த்தட்டு லீக்குக்கு இந்த இரண்டு போனஸும் கட்டாயம் வேண்டும். 40 பாயிண்டில் தோற்கிற அணியும் நாலாவது ட்ரைக்காக ஓடும், அடுத்த வாரமும் வரும்.

வராமல் போகிற அணியின் கணக்கில் புள்ளியை வெட்டுவார்கள். அதோடு, வராமல் போவதைத் தடுக்க வேறு வழியும் வைத்திருக்கிறார்கள். கேம் ஆன் என்று, இங்கிலாந்து ரக்பியை நடத்தும் சங்கமான ஆர்எஃப்யூ ஓர் ஏற்பாடு கொண்டுவந்தது. ஆள் குறைவாக இருந்தால் இரண்டு கேப்டன்களும் ரெஃப்ரியும் பேசி, 15க்குக் குறைவான ஆட்களோடு, நேரத்தைக் குறைத்து, தள்ளாத ஸ்க்ரமோடு ஆடிக்கொள்ளலாம். ஸ்க்ரம் என்பது இரண்டு அணியிலும் எட்டு எட்டுப் பேர் கோத்துக் குனிந்து, முட்டித் தள்ளிப் பந்தை எடுப்பது. நம் லீக் விதித்தாளில் இது முதல் பக்கத்தில் இருக்க வேண்டும். இரண்டு அணியும் சம எண்ணிக்கையில் ஆடுவது, முடிந்தவரை ஆளைக் கடன் கொடுப்பது, எவ்வளவு பேருக்குக் கீழே போனால் லீக் ஆட்டமாகக் கணக்கில் சேராது என்பதெல்லாம் சீசனுக்கு முன்பே எழுதிவைக்க வேண்டியவை. மைதானத்தில் நின்று பேசினால் சண்டைதான் வரும்.

ஆள் குறைவதில் ரக்பிக்கே உரிய ஒரு தொல்லை முன்வரிசை. ஸ்க்ரமில் முன்னால் நிற்கும் இரண்டு ப்ராப், ஒரு ஹூக்கர், இந்த மூவர் இடத்தில் பழகாத ஆளை நிறுத்தவே கூடாது. கழுத்து போகும். ரக்பி சட்டமே கணக்கு வைத்திருக்கிறது: 15 பேரோடு வந்தால் முன்வரிசைக்குப் பழகியவர் 3 பேர் வேண்டும், 16 முதல் 18 வரை என்றால் 4, 19 முதல் 22 வரை என்றால் 5, 23 என்றால் 6. அந்த ஆள் இல்லாமல் போனால் ஸ்க்ரம் தள்ளாத ஸ்க்ரமாக மாறும். பந்து போடுகிற அணிக்கே பந்து. ஸ்க்ரமில் அடி வாங்கும் அணி, ப்ராப்புக்குக் காயம் என்று சொல்லி வேண்டுமென்றே இந்த நிலைக்கு இழுக்கலாம். அதற்காகத்தான், தள்ளாத ஸ்க்ரமுக்குக் காரணமாகி வெளியேறியவருக்குப் பதில் ஆள் இறக்கக் கூடாது என்று ஆட்டம் நடத்துபவர் விதி வைத்துக்கொள்ள சட்டம் இடம் கொடுக்கிறது.

நமக்கு என் யோசனை: முதல் சீசன் முழுக்கத் தள்ளாத ஸ்க்ரம். இரண்டாம் சீசனில், 19 வயதுக்குட்பட்டோர் ஆட்டத்தில் இருப்பதுபோல் ஒன்றரை மீட்டருக்கு மேல் தள்ளக் கூடாது என்ற வரம்போடு தொடங்கலாம். செம்மண் காய்ந்து மேலே புழுதி படிந்திருக்கும்போது பூட்டின் அடியிலுள்ள ரப்பர் ஸ்டட் வழுக்கும். ஐந்து பேர் எடை பின்னால் வரும்போது முன்வரிசைக்காரர் கால் வழுக்கினால் ஸ்க்ரம் சரியும். ரெஃப்ரி 'க்ரவுச், பைண்ட், செட்' என்று மூன்றாகச் சொல்லி இறக்குவது அந்த மோதலைக் குறைக்கத்தான். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் நிதானம் வேண்டும், தோள் இடுப்பை விடத் தாழக் கூடாது, பிடி எதிராளியின் முதுகுப் பக்கம் ஜெர்சியில் இருக்க வேண்டும். கையைப் பிடித்து இழுத்தால் இரண்டு பேரும் தரையில்.

டேக்கிள், அதாவது பந்தோடு ஓடுகிறவரைப் பிடித்துச் சாய்ப்பது, அந்த விஷயத்தில் நம் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு பெரிய சாதகம் இருக்கிறது. இங்கிலாந்தில் 2023 ஜூலை முதல் அமெச்சூர் ஆட்டங்களில் மார்பெலும்பின் அடிநுனிக்குக் கீழேதான் டேக்கிள் பண்ணலாம். தலையில் அடிபடுவதைக் குறைக்க வந்த விதி. நெஞ்சைக் கட்டிப் பிடித்தே பழகிய பெரியவர்கள் இடுப்புக்குக் குனியக் கஷ்டப்பட்டார்கள். நம்மூரில் கபடி ஆடாத இளைஞன் யார்? தொடைப் பிடியும் கணுக்கால் பிடியும் கையிலேயே இருக்கிறது.

ஆனால் கபடிக்காரர் ரக்பிக்கு வந்தால் மூன்று இடத்தில் தப்பு பண்ணுவார். ஒன்று, பிடித்தால் விடமாட்டார். கபடியில் விடாமல் அமுக்குவதுதான் பாயிண்ட். ரக்பியில் ஆளைத் தரையில் சாய்த்த அடுத்த நொடி கையை எடுத்து, உருண்டு விலகியாக வேண்டும். விலகாவிட்டால் பெனால்டி, எதிரணிக்கு நேராக 3 பாயிண்ட் வாய்ப்பு. இரண்டு, சங்கிலி போட்டு இரண்டு மூன்று பேராகப் பாய்வார்கள். ரக்பியில் பின்னால் காலியான இடத்தில் பந்து போய்விடும். மூன்றாவதுதான் ஆபத்தானது. தலையை ஓடி வருகிறவரின் முன்பக்கம் வைத்துத் தொடையைப் பிடிப்பது. கபடியில் ரெய்டர் திரும்பி ஓடுகிறவர், அவர் முழங்கால் முகத்துக்கு நேராக வராது. இங்கு முழு வேகத்தில் நேராக வருகிறார், முழங்கால் நெற்றிப்பொட்டில் இறங்கும். தலை எப்போதும் அவர் இடுப்புக்கு வெளிப்பக்கம், பின்னால் இருக்க வேண்டும். கன்னம் அவர் பிட்டத்தை ஒட்ட, தோள் தொடையில் பட, இரண்டு கையும் சுற்றி இறுக்கி, கால் தொடர்ந்து ஓட வேண்டும். இதை முதலில் இரண்டு பேரும் மண்டியிட்டு, பிறகு நடந்து, பிறகு ஓடி, வலத் தோளிலும் இடத் தோளிலும் சம அளவில் பழக்க வேண்டும். பலருக்கு இடத் தோள் வராது. வராத தோளில் தலை தப்பான பக்கம் போகும். ஒரு மாதம் இது ஒன்றை மட்டும் செய்தாலும் நேரம் வீணில்லை.

மைதானம். விளையாடும் பகுதி நீளம் 94 முதல் 100 மீட்டர், அகலம் 68 முதல் 70. இரண்டு முனையிலும் ட்ரை வைக்கும் இன்-கோல் குறைந்தது 6 மீட்டர். சுற்றிலும் 5 மீட்டர் காலி இடம். 400 மீட்டர் ஓடுதளம் உள்ள மைதானத்தில் இது அடங்குமா என்று கேட்பார்கள். 94க்கு 68, இன்-கோல் 6 என்று வைத்தால் தளத்தின் உள்விளிம்புக்குள் அடங்கும். ஆனால் இன்-கோலின் நாலு மூலையிலும் விளிம்புக்கு ஒரு மீட்டருக்கும் குறைவான இடம்தான் மிஞ்சும். உள்விளிம்பில் செங்கல்லோ சிமெண்டுக் கட்டையோ பதித்திருந்தால் அங்கு ஆடவே வேண்டாம். கழற்றி வைக்கும் விளிம்பு என்றால் கழற்றிவிட்டு ஆடலாம்.

கோடு போடச் சுண்ணாம்பு வேண்டாம். ஓட்டப் பந்தயத்துக்குப் பரவாயில்லை, ரக்பியில் முகமும் கண்ணும் அந்தக் கோட்டில் தேயும், வியர்வை பட்டால் தோல் வெந்துவிடும். வெள்ளைக்கல் கோலமாவு போதும்.

கோல் கம்பத்துக்கு வெளியூரில் ஆர்டர் கொடுக்கத் தேவையில்லை. கம்ப இடைவெளி 5.6 மீட்டர், குறுக்குக் கம்பி தரையிலிருந்து 3 மீட்டர் உயரம். கடையில் ஜிஐ பைப் 6 மீட்டர் நீளத்தில்தான் வருகிறது. ஒரு பைப்பில் ஒரு குறுக்குக் கம்பி, வெட்டு போக மிச்சம் கொஞ்சம்தான். நிற்கும் கம்பம் நாலு, குறுக்கு இரண்டு, ஆக ஆறு பைப். தரையில் ஒரு மீட்டர் ஆழத்துக்கு இதைவிடப் பெரிய குழாயைக் கான்கிரீட்டில் பதித்து அதில் கம்பத்தை இறக்கினால், மேலே 5 மீட்டர் நிற்கும். சட்டம் கேட்பது 3.4 மீட்டருக்கு மேல். ஆட்டம் முடிந்ததும் கழற்றிக்கொள்ளலாம், பள்ளிக்கூடமும் ஒத்துக்கொள்ளும். குழிக்கு மூடி போட மறக்கக் கூடாது. கம்பத்தைச் சுற்றி ஆள் உயரத்துக்கு ஃபோம் வைத்து ரெக்சின் தைக்க வேண்டும். அதன் வெளிவிளிம்பு கோல் கோட்டிலிருந்து 300 மில்லிமீட்டருக்கு மேல் வெளியே வரக் கூடாது.

தரை இறுக்கம்தான் நம் பெரிய எதிரி. இங்கிலாந்தில் சனிக்கிழமை காலை மைதானத்தைப் பார்த்து, பனியில் உறைந்திருந்தால் ஆட்டத்தைத் தள்ளிவைப்பார்கள். நம் செம்மண் பிப்ரவரியில் அதே அளவு இறுகிவிடும். ஸ்க்ரூ டிரைவரைக் கையால் அழுத்தினால் இரண்டு அங்குலமாவது இறங்க வேண்டும், இறங்காத தரையில் டேக்கிள் ஆட்டம் வேண்டாம். டேங்கர் தண்ணீர் விட்டால் சரியாகும் என்று நினைப்பது தப்புக் கணக்கு. 100க்கு 70 என்றால் 7,000 சதுர மீட்டர். ஒரு மில்லிமீட்டர் ஈரத்துக்கே 7,000 லிட்டர். பத்து மில்லிமீட்டருக்கு 70,000 லிட்டர், அதாவது 6,000 லிட்டர் டேங்கர் பன்னிரண்டு. பக்கத்தில் போர் இருந்தால் மூன்று நாலு இரவு ஸ்பிரிங்ளர் ஓட்டலாம். சீசனுக்கு முன் மழை ஈரம் இருக்கும்போதே ரோட்டவேட்டர் அடித்து, ரோலர் போடாமல் பரம்பு மட்டும் இழுத்து, அருகம்புல் பிடிக்க விட்டால் பாதிப் பிரச்சினை தீரும். ஆட்டத்தன்று காலை இருபது பேர் வரிசையாக நடந்து கல் பொறுக்குவது கட்டாயம். சிராய்ப்பு வராத ஆட்டம் இருக்காது. டெட்டனஸ் ஊசி போட்ட தேதியைப் பதிவுப் படிவத்திலேயே கேட்டுவிடுங்கள்.

தலையில் அடி பட்டால் முகத்தில் தண்ணீர் அடித்து எழுப்பி மறுபடி இறக்குகிற வழக்கம் நம் மைதானங்களில் இன்னும் இருக்கிறது. அதை இந்த லீக்கில் முதல் நாளே ஒழிக்க வேண்டும். தடுமாற்றம், வெறித்த பார்வை, வாந்தி, ஸ்கோர் மறந்துபோவது, ஒரே கேள்வியைத் திரும்பக் கேட்பது, இதில் ஒன்று தெரிந்தாலும் வெளியே. சந்தேகம் இருந்தாலே வெளியே. மயங்கி விழுந்திருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. பிரிட்டனில் 2023ல் வந்த வழிகாட்டுதல்படி, முதல் 24 மணி நேரம் அவரைத் தனியே விடக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது. ஓய்வில் இருக்கும்போது 14 நாள் எந்த அறிகுறியும் இல்லாமல் இருந்த பிறகே மோதல் உள்ள பயிற்சி. போட்டிக்குக் குறைந்தது 21 நாள். கழுத்து வலி என்று சொல்கிறவரைக் கையைக் காலைப் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் ஏற்றக் கூடாது. தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு 108ஐ அழைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பள்ளி மைதானத்தின் பெரிய கேட் பூட்டியே இருக்கும், எல்லோரும் சின்ன வாசலில்தான் நுழைவார்கள். பெரிய கேட்டின் சாவி ஆட்டம் தொடங்கும் முன் யார் கையில் இருக்கிறது என்று ரெஃப்ரி கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

ரெஃப்ரி கிடைப்பது அங்கேயே கஷ்டம். ஒவ்வொரு பகுதியிலும் ரெஃப்ரிகளுக்கென்று சங்கம் இருக்கிறது, அதுதான் ஆளை அனுப்பும். பக்கக் கோட்டில் நிற்பவர்களை இரண்டு கிளப்பும் ஆளுக்கொருவராகக் கொடுக்கும். பந்து கோட்டைத் தாண்டியதா, உதை கம்பங்களுக்கு நடுவில் போனதா, இந்த இரண்டுக்கு மட்டும் அவர்கள் கொடி. முரட்டு ஆட்டத்தைச் சொல்வதோ சொந்த அணிக்குக் கத்துவதோ அவர்கள் வேலை இல்லை. நம் பி.டி. மாஸ்டர்கள் விசில் பிடித்துப் பழகியவர்கள். உலக ரக்பி அமைப்பான வேர்ல்ட் ரக்பி இணையத்தில் சட்டப் பாடமும் தேர்வும் இலவசமாகத் தருகிறது, தலைக்காயம் பற்றிய பாடமும் உண்டு. ஆறு அணிக்கு வாரம் மூன்று ஆட்டம் என்றால் ஐந்து ரெஃப்ரியாவது தயாராக இருக்க வேண்டும். மூன்று பேரை வைத்துத் தொடங்கினால், ஒருவர் வீட்டில் கல்யாணம் வந்த வாரம் ஒரு ஆட்டம் நிற்கும்.

எதிராளி இல்லாத கிளப் நிலைக்காது. 1873ல் கல்கத்தாவில் தொடங்கிய ரக்பி கிளப்புக்கு அதுதான் நடந்தது. ஆடிய ராணுவத்தினர் இடம் மாறிப் போக, மிச்சம் இருந்தவர்கள் போலோவுக்கும் டென்னிஸுக்கும் போக, சில வருடங்களில் கிளப்பைக் கலைத்தார்கள். வங்கியிலிருந்த வெள்ளி ரூபாய்களை உருக்கிக் கோப்பை செய்து 1878ல் ஆர்எஃப்யூவுக்குக் கொடுத்தார்கள். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் இன்றைக்கும் அந்தக் கல்கத்தா கோப்பைக்காகத்தான் ஆடுகின்றன.

கடைசியாக மேட்ச் கார்டு. அங்கு ஒவ்வொரு கிளப்பும் ஆடியவர் பட்டியலை ஆர்எஃப்யூவின் இணையப் பதிவில் ஏற்ற வேண்டும். பதிவாகாத ஆளை இறக்கினால் தண்டனை உண்டு. நமக்கு ஒரு கூகுள் படிவம் போதும். பெயர், பிறந்த தேதி, சட்டை எண், முன்வரிசைக்குப் பழகியவரா, எத்தனையாவது நிமிடத்தில் யார் உள்ளே யார் வெளியே, ஸ்கோர், கார்டு வாங்கியவர். இவற்றோடு, தலையில் அடிபட்டவருக்கு 'இந்தத் தேதிக்கு முன் ஆடக் கூடாது' என்று ஒரு கட்டம். ஜனவரி 4ல் அடிபட்டவருக்கு அதில் ஜனவரி 25 என்று ரெஃப்ரியே எழுத வேண்டும், அணிக்காரர் அல்ல. அடுத்த வாரம் ஆடப்போகும் எதிரணி கேப்டனுக்கும் அந்தப் பக்கம் திறந்திருக்க வேண்டும். டாஸ் போடும் முன் இரண்டு கேப்டன்களும் அதைப் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும்.